சாம்பிள் தட்டு: பட்டம் இல்லாமல் கணினி வேலைக்கு

போடி ஏல மையத்துக்குள் ஒரு முறையாவது எட்டிப் பார்த்திருப்பீர்கள். வியாபாரிகள் வரிசையாகக் கணினி முன் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் சாம்பிள் வரும். ஒரு கை அள்ளுவார்கள், ஒரு காயை உடைத்து விதை பார்ப்பார்கள், முகர்வார்கள், மிச்சத்தைத் தரையில் போட்டுவிட்டுப் பொத்தானை அமுக்குவார்கள். ஏலம் முடியும்போது செருப்புக்கடியில் நொறுங்குவதெல்லாம் ஏலக்காய்தான். அந்தக் காயை விளைவித்தவர் எத்தனாவது வரை படித்தார் என்று அந்த அறையில் யாரும் கேட்டதில்லை.

கணினி வேலைக்கும் இப்படிச் சாம்பிள் பார்த்து ஆள் எடுக்கும் இடங்கள் உண்டு. சர்ட்டிபிகேட்டை மட்டும் பார்த்து எடுக்கும் இடங்களும் உண்டு. பட்டம் இல்லாதவர் செய்யும் முதல் தப்பு, இரண்டாவது வகை வாசலில் போய் நின்று முதல் வகை நியாயத்தைப் பேசுவது. எந்த வாசல் எது என்று தெரிந்துகொள்வதுதான் இந்த அத்தியாயத்தின் பாதி. மீதிப் பாதி, தட்டில் வைக்க என்ன சாம்பிள் தயார் செய்வது என்பது.

வீட்டில் கேட்கப்போகும் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். "டிகிரி இல்லாம எவன்ப்பா ஏசி ரூம்ல உட்கார வச்சு சம்பளம் குடுப்பான்?" எங்கள் அப்பா ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டபோது அவரும் இதையேதான் கேட்டார். கேள்வியில் தவறில்லை. வங்கி அதிகாரி வேலை, குரூப் 1, குரூப் 2, கல்லூரி வளாகத் தேர்வு மூலம் ஆள் எடுக்கும் பெரிய நிறுவனங்கள் எல்லாம் பட்டம் இல்லாமல் திறக்காத கதவுகள். அங்கே திறமையைக் காட்ட இடமே கிடையாது, விண்ணப்பப் படிவத்திலேயே நின்றுவிடும். உங்கள் ஆசை அந்தப் பக்கம் என்றால் இந்த அத்தியாயத்தை மூடிவிட்டுக் கல்லூரியில் சேருங்கள். மேலச்சொக்கநாதபுரத்தில் 2012 முதல் அரசுப் பொறியியல் கல்லூரியே இருக்கிறது. வசதியும் மதிப்பெண்ணும் உள்ளவர், பட்டம் வேண்டாம் என்று வீம்புக்குச் சொல்வதை நான் ஆதரிக்கவில்லை. வீட்டு நிலைமையாலோ மதிப்பெண்ணாலோ அந்த வழி அடைபட்டவருக்குத்தான் இதை எழுதுகிறேன்.

திறக்கும் கதவுகள்

தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய உதாரணம் ஜோஹோ. ஸ்ரீதர் வேம்புவின் நிறுவனம் 2004-05 வாக்கில் 6 மாணவர்களை வைத்து ஒரு சோதனையைத் தொடங்கியது. பன்னிரண்டாவதோ டிப்ளமோவோ முடித்த பிள்ளைகளை எடுத்து, தானே பாடம் சொல்லிக்கொடுத்து, தானே வேலையும் கொடுப்பது என்பது திட்டம். அன்று 'ஜோஹோ பல்கலைக்கழகம்' என்று அழைக்கப்பட்டது இன்று 'ஜோஹோ ஸ்கூல்ஸ்'. படிப்புக் கட்டணம் கிடையாது. படிக்கும் காலத்திலேயே மாத உதவித்தொகை தருகிறார்கள். மதிப்பெண்ணை வைத்து வடிகட்டாமல் எழுத்துத் தேர்வும் நேர்காணலும் வைத்து எடுக்கிறார்கள். சென்னைக்கு அருகில் ஒன்றும் தென்காசியில் ஒன்றும் நடக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தென்காசி மனதளவிலும் கிட்டம். மலையடிவாரம், சாரல், நம் பேச்சு. தென்காசியை ஒட்டிய மத்தளம்பாறையில் அவர்கள் 2011இல் அலுவலகம் திறந்தபோது அந்த வட்டாரத்தில் பலரும் நம்பவில்லை. இன்று அங்கிருந்து உலகம் முழுக்க விற்கும் மென்பொருள் எழுதப்படுகிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. விண்ணப்பிப்பவர் ஏராளம், இடம் கொஞ்சம். வயது வரம்பும் உண்டு. பன்னிரண்டாவது முடித்த அதே வருடம் எழுதுங்கள். "ஒரு வருஷம் தோட்டத்துல வேலை பார்த்துட்டு எழுதுவோம்" என்று தள்ளினால் வயது முந்திக்கொள்ளும்.

இரண்டாவது கதவு எச்சிஎல் நிறுவனத்தின் டெக்பீ. பன்னிரண்டாவது முடித்தவர்களுக்காக 2017 முதல் நடக்கிறது. பள்ளியில் கணக்குப் பாடம் படித்தவருக்கு மென்பொருள் பிரிவு, மற்றவருக்கு வேறு பிரிவுகள். திறன் தேர்வு ஒன்று உண்டு. அதில் கணக்கு, தர்க்கம், ஆங்கிலம் வரும். தேறினால் சுமார் ஓராண்டுப் பயிற்சி, பிறகு வேலை. வேலை பார்த்துக்கொண்டே பிட்ஸ் பிலானி, சாஸ்த்ரா போன்ற பல்கலைக்கழகங்களில் பட்டமும் படிக்கலாம். மதுரை இலந்தைகுளத்தில் அவர்களுக்கு வளாகம் இருக்கிறது. இது ஜோஹோ மாதிரி இலவசம் இல்லை, பயிற்சிக் கட்டணம் உண்டு. வருடத்துக்கு வருடம் தொகையும் சலுகையும் மாறுவதால் தொகையை இங்கே அச்சிடவில்லை. அரசுப் பள்ளி மாணவர் என்றால் 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியாக என்ன சலுகை என்று பள்ளியிலேயே கேளுங்கள். அந்தத் திட்டம் 2022 மார்ச் 1 அன்று தொடங்கியது. வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் உங்கள் பள்ளியிலும் இருப்பார். கடன் வாங்கித்தான் கட்டணம் என்றால், பாதியில் விலகினால் என்ன கட்ட வேண்டும் என்ற பத்தியை இரண்டு முறை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அப்பாவையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது ஐடிஐ. பலர் இதை வெல்டர், ஃபிட்டர் இடம் என்றே நினைத்திருக்கிறார்கள். கோபா என்று ஒரு பிரிவு உண்டு. கணினி இயக்கமும் நிரலாக்க உதவியும் கற்றுத்தரும் ஓராண்டுப் படிப்பு, பத்தாவது தேறியிருந்தால் போதும். அதை முடித்தவுடன் மென்பொருள் நிறுவனம் கூப்பிட்டுவிடாது. ஆனால் தினமும் கணினி முன் உட்கார ஓர் இடமும், கையில் அரசு சான்றிதழும், தொழில் பழகுநர் பயிற்சிக்கு வழியும் கிடைக்கும். இன்னொரு லாபமும் உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்கு 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் அதே தொகை. இவை பட்டப் படிப்புக்கு மட்டுமல்ல, டிப்ளமோவுக்கும் ஐடிஐக்கும் உண்டு. தனியார் கணினி சென்டரில் ஆறு மாதம் படித்தால் கிடையாது.

நான்காவது கதவுக்குப் பெயர்ப் பலகை இல்லை. பத்து இருபது பேர் வேலை பார்க்கும் மதுரை, கோவை நிறுவனங்கள், இணையதளம் செய்து கொடுப்பவர்கள், பில்லிங் மென்பொருள் விற்பவர்கள், வாடிக்கையாளர் உதவிப் பிரிவுகள், மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டிங் பிரிவுகள். இவர்களுக்கு வளாகத் தேர்வு நடத்த நேரமும் இல்லை, பணமும் இல்லை. "என்ன செஞ்சிருக்க, காட்டு" என்பார்கள். நான் நுழைந்தது அந்த வழியில்தான், டெஸ்டிங் ஆளாக. சாம்பிள் தட்டு அதிகம் தேவைப்படுவதும் இங்கேதான்.

எதில் படிப்பது, எதை வைத்துப் படிப்பது

புது லேப்டாப்புக்குக் கடன் வாங்காதீர்கள். அண்ணன், அக்கா, சித்தப்பா மகன் என்று யாராவது ஒருவர் 2011க்குப் பிறகு பள்ளியில் வாங்கிய விலையில்லா மடிக்கணினி பீரோவுக்குள் துணிக்கடியில் கிடக்கும். அதில் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை ஏற்றுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிச் சின்ன எஸ்எஸ்டி ஒன்று போட்டால் பிழைத்துக்கொள்ளும். அதுவும் இல்லை என்றால் அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய லேப்டாப்புகளில் 8 ஜிபி ரேம் உள்ளதாகப் பாருங்கள். கற்க ஆரம்பிக்க அது போதும்.

பாடப் புத்தகம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது என்றால் சிரிப்பீர்கள். 2018, 2019இல் வந்த தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடத்திட்டத்தில் பதினொன்றாவது கணினி அறிவியலில் சி++ இருக்கிறது, பன்னிரண்டாவதில் பைத்தானும் எஸ்கியூஎல்லும். கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி. எல்லாம் தமிழிலேயே. தேர்வுக்காக மனப்பாடம் செய்து விடைத்தாளில் எழுதியதையே இப்போது ஒரு முறை கணினியில் அடித்து ஓட்டிப் பாருங்கள். பல பிள்ளைகள் பைத்தானில் 90 மதிப்பெண் வாங்கியிருப்பார்கள், ஆனால் ஒரு வரி பைத்தானைக்கூட ஓட்டியிருக்க மாட்டார்கள். வெட்கப்பட வேண்டியவர் அந்தப் பிள்ளை இல்லை.

அடுத்த படிக்கு, 2012 முதல் நடக்கும் 'கணியம்' இதழும் அதை ஒட்டி வந்த 'எளிய தமிழில்' வரிசை மின்னூல்களும். து. நித்யா எழுதிய மைஎஸ்கியூஎல் புத்தகம் இலவசம். தமிழில் படித்தால் வேலைக்கு உதவாது என்பவரைப் பொருட்படுத்தாதீர்கள். கருத்து தமிழில் ஏறட்டும், கட்டளை எப்படியும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. மும்பை ஐஐடி நடத்தும் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்களில் தமிழ்க் குரல் கொடுத்தவையும் நிறைய.

ஆங்கிலம் பேசுவதற்கு முன் வாசிக்க வர வேண்டும். பிழைச் செய்தி திரையில் வரும்போது பயந்து மூடாமல் நிதானமாக வாசிப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் ஆங்கிலம். தினமும் ஒரு பிழையை எடுத்து, என்ன செய்தேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று மூன்று வரி ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். டெஸ்டிங் வேலைக்கு அதுவே தினசரி எழுத்து. ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் உச்சரிப்பைத் திருத்தும். இந்த மூன்று வரியை அது சொல்லித்தராது.

மலையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். கொட்டகுடி, குரங்கணி, சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கமும், போடிமெட்டு தாண்டி பூப்பாறை, சாந்தன்பாறை தோட்ட லயங்களிலும் டவர் எங்கே கிடைக்கும் என்பதை ஊர்க்காரர்தான் சொல்ல முடியும். எந்தப் பாறை, எந்த வளைவு, எந்த நேரம் என்று. ஆன்லைன் வகுப்பு அங்கே சரிப்படாது, இணையம் இல்லாமலே ஓடுகிற முறைதான் சரிப்படும். ஞாயிற்றுக்கிழமை போடிக்கு இறங்கும்போது பைத்தானையும் அதன் முழு ஆவணத்தையும் பாடப்புத்தகப் பிடிஎஃப்களையும் இறக்கிக்கொள்ளுங்கள். தரவுக்கு எஸ்கியூலைட் போதும், அதற்கு இணையமே வேண்டாம். கிட் என்ற கருவியைச் சீக்கிரம் பழகுங்கள். எழுதியதை நாள்வாரியாகச் சேமிக்க அதற்கும் இணையம் வேண்டாம். ஒரு வாரம் முழுக்க லயத்தில் உட்கார்ந்து வேலை செய்துவிட்டு, சிக்னல் கிடைக்கும் வளைவில் ஐந்து நிமிடம் நின்று கிட்ஹப் என்ற இணையதளத்தில் ஏற்றிவிடலாம். நாள்வாரியாகச் செய்த வேலை எல்லாம் தேதியோடு அங்கே தெரியும். அதைவிட நல்ல சாம்பிள் இல்லை.

தட்டில் எதை வைப்பது

இணையத்தில் வீடியோ பார்த்துப் படிக்கும் எல்லோரும் ஒரே மாதிரி புராஜெக்ட் செய்கிறார்கள். கால்குலேட்டர், செய்ய வேண்டிய வேலைப் பட்டியல், வானிலை காட்டும் பக்கம். நேர்காணல் செய்பவர் அதை நூறு முறை பார்த்திருப்பார். நீங்கள் அவர் பார்க்காததை வைத்திருக்கிறீர்கள். அதுதான் ஏலத்தோட்டத்துக் கணக்கு.

ஒரு தோட்டத்தின் எடுப்புக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் போடியிலிருந்து ஜீப்பில் ஆள் ஏறுகிறது. யார் வந்தார், எத்தனை கிலோ பச்சைக் காய் எடுத்தார், சம்பளம் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு கழிந்தது என்று எல்லாம் கணக்குப்பிள்ளை நோட்டில் இருக்கும். அதை எஸ்கியூலைட்டில் ஏற்றப் பாருங்கள். முதல் நாளே முட்டும். ஒரே ஜீப்பில் மூன்று முத்துலட்சுமி இருப்பார்கள். பெயரை வைத்துத் தேடினால் ஒருவர் சம்பளம் இன்னொருவர் கணக்கில் விழும். கணக்குப்பிள்ளை நோட்டில் 'மேலத்தெரு முத்துலட்சுமி', 'முத்துலட்சுமி சின்னது' என்று எழுதி வைத்திருப்பார். கணினிக்கு அது போதாது, ஆளுக்கு ஓர் எண் வேண்டும். புத்தகத்தில் முதன்மைச் சாவி என்று இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்தது இதுதான்.

அடுத்து காசு. சம்பளத்தைப் புள்ளி வைத்த எண்ணாகப் பைத்தானில் கூட்டிக்கொண்டே போனால் எங்கோ ஒரு இடத்தில் சில்லறை இடிக்கும். கணினி தசமத்தைச் சேமிக்கும் விதம் அப்படி. காசை எல்லாம் பைசாவாக்கி முழு எண்ணாகச் சேமித்தால் சரியாகிவிடும். இதைத் தானே கண்டுபிடித்துச் சரிசெய்த பையன், ஏன் அப்படி என்று நேர்காணலில் இரண்டு நிமிடம் பேசினால் போதும், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

பிறகு ஸ்டோர், அதாவது காய் உலர்த்தும் இடம். பச்சைக் காயை உலர வைத்தால் ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்றுதான் தேறும் என்பது உங்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். 100 கிலோ போட்டு 20, 22 கிலோ வந்தால் சரி. 30 என்று யாராவது பதிந்தால் எடை தப்பு, இல்லை காய் சரியாகக் காயவில்லை. உங்கள் நிரல் அந்த இடத்தில் நிறுத்தி, 'இதைச் சரிபார்க்கவும்' என்று கேட்க வேண்டும். இப்படி ஒரு வரம்பு வைக்க பெங்களூருவில் பெரிய கல்லூரியில் படித்தவருக்குத் தெரியாது, ஐந்துக்கு ஒன்று என்பதே அவருக்குத் தெரியாது. தொழில் தெரிந்தவன் எழுதும் மென்பொருளுக்கும் தெரியாதவன் எழுதுவதற்கும் வித்தியாசம் இங்கேதான் தெரியும்.

ஏலத்திலேயே இந்த வித்தியாசம் நடந்து முடிந்த கதை. கூவி நடந்த ஏலத்தை ஸ்பைசஸ் போர்டு 2007இல் மின்னணு ஏலமாக மாற்றியது. 2021இல் போடியிலும் வண்டன்மேடு புற்றடியிலும் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் ஒரே லாட்டுக்கு விலை கேட்கும்படி இணையத்தில் கொண்டுவந்தார்கள். கணினி எல்லாம் வந்தது, ஆனால் சாம்பிள் காய் இன்றும் கைக்கு வந்தாக வேண்டும். காயை முகராமல் விலை சொல்ல மாட்டான் வியாபாரி. மென்பொருள் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் தொழில்தான் சொல்கிறது.

செய்த நிரலை உண்மையான ஒருவர் பயன்படுத்த வேண்டும். அப்பாவின் நண்பர், பக்கத்து ஸ்டோர்க்காரர், மளிகைக் கடை அண்ணாச்சி என்று யாராவது. "நல்லாருக்குப்பா" என்று பாராட்டுபவர் வேண்டாம். "இது வேலைக்காகாதுப்பா, பழைய பாக்கி எங்க காட்டுது?" என்று திட்டுபவர் கிடைத்தால் விடாதீர்கள். மூன்று மாதம் ஒருவர் தினமும் பயன்படுத்திய சின்ன நிரல், யாருமே தொடாத பத்துப் பெரிய புராஜெக்ட்டுகளுக்குச் சமம். ஆட்களின் பெயர், போன் எண், ஆதார் எண் எதையும் கிட்ஹப்பில் ஏற்றாதீர்கள். காட்டுவதற்குப் பொய்ப் பெயர்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு நிரலை அதுவே எழுதித் தருகிறது. பயன்படுத்துங்கள், தவறில்லை. ஆனால் அது எழுதிய ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியாவிட்டால் நேர்காணலில் இரண்டாவது கேள்வியில் வெளிப்பட்டுவிடும். ஊதிப்போன காயை வியாபாரி கையில் எடுத்ததும் கண்டுபிடிப்பது போலத்தான்.

பட்டம் இல்லாமல் அறிவு வராது என்று யாராவது வாதம் செய்தால் மலைக்கு மேலே கை காட்டுங்கள். இடுக்கித் தோட்டங்களில் பெருவாரியாக நிற்கும் ஞள்ளானி ரகத்தைத் தன் தோட்டத்தில் தேர்ந்தெடுத்து வளர்த்தவர் கட்டப்பனையைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி. இடுக்கி மயிலாடும்பாறையில் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். அவர்கள் வேலை அவர்களுக்கு. இந்த ரகம் வந்தது செடியைத் தினமும் பார்த்த ஒருவரின் கண்ணிலிருந்து.

ஆப்பிரிக்காவில் நடந்தது

இந்த வழியில் நமக்கு முன்னால் பெரிய அளவில் நடந்து பார்த்தவர்கள் ஆப்பிரிக்கர்கள். நைஜீரியாவின் லாகோஸில் 2014இல் ஆண்டெலா என்ற நிறுவனம் தொடங்கியது. பட்டத்தைப் பார்க்காமல் தேர்வு வைத்து இளைஞர்களை எடுத்து, சம்பளம் கொடுத்தே பயிற்சி தந்து, அமெரிக்க நிறுவனங்களுக்கு வேலை செய்ய வைத்தது. நைரோபி, கம்பாலா என்று பரவியது. 2016இல் மார்க் சக்கர்பர்க் தம்பதியின் அமைப்பு முதலீடு போட்டது. எல்லோரும் புகழ்ந்தார்கள். 2019 செப்டம்பரில் அதே நிறுவனம் மூன்று நாடுகளிலுமாகச் சுமார் 400 இளநிலை நிரலாளர்களின் வேலையை நிறுத்தப்போவதாக அறிவித்தது. வாடிக்கையாளர்கள் அனுபவசாலிகளையே கேட்டார்கள், புதியவர்களைக் கேட்கவில்லை.

திறமை இல்லாததால் அவர்கள் வேலை போகவில்லை. ஒரே வாசலை நம்பியதால் போனது. வேலை கிடைத்த முதல் இரண்டு வருடம், அடுத்த நிறுவனத்தில் காட்டக்கூடிய வேலையாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள். அதே நைரோபியில், செயற்கை நுண்ணறிவுக்குத் தரவு பிரித்துக் கொடுத்தவர்களுக்கு மணிக்கு 2 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது என்று டைம் இதழ் 2023 ஜனவரியில் எழுதியது. படத்தில் கார் எது, மரம் எது என்று குறிப்பது போன்ற தரவு வேலை தமிழ்நாட்டுச் சிறு ஊர்களுக்கும் வந்திருக்கிறது. திருவாரூர் மாவட்டம் கொல்லுமாங்குடி போன்ற ஊர்களுக்கு டெசிக்ரூ நிறுவனம் தரவு வேலையைக் கொண்டுபோய்ப் பல வருடங்கள் ஆகின்றன. குடும்பத்தை விட்டுப் போக முடியாத பெண்களுக்கு அது நல்ல தொடக்கம். ஆறு மாதம், ஒரு வருடம் இருங்கள். தர ஆய்வுக்கோ குழுத் தலைமைக்கோ நகர வழி இல்லை என்றால் வெளியே பாருங்கள்.

ஏமாறும் இடங்கள்

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மதுரையில் ஒரு பயிற்சி மையம், பெயர் வேண்டாம். 'நூறு சதவீதம் வேலை உத்தரவாதம்' என்று பலகை. அம்மாவின் தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டினேன். மூன்றாவது மாதம் ஆசிரியரே வேறு வேலைக்குப் போய்விட்டார். பத்தாவது, பன்னிரண்டாவது அசல் சான்றிதழை 'வெரிபிகேஷன்' என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள், திரும்ப வாங்க நாலு தடவை அலைந்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி. அசலைக் கேட்டால் எழுந்து வந்துவிடுவது. எந்த வேலைக்கும் எந்தப் படிப்புக்கும் அசலைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதுதான் முறை.

வேலை கொடுப்பவன் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை. வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, ரெஜிஸ்ட்ரேஷனுக்கு 2,000 ரூபாய் என்று வாட்ஸாப்பில் வரும். பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு.

இதைவிட மோசமானது வெளிநாட்டு ஆசை. தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங், டிகிரி தேவையில்லை, கை நிறையச் சம்பளம் என்று கூட்டிப்போய் எல்லை தாண்டி மியான்மருக்குள் அடைத்து, இணைய மோசடி செய்ய வைத்தார்கள். மியாவாடியில் அப்படிச் சிக்கிய 13 தமிழர்கள் 2022 அக்டோபர் தொடக்கத்தில் ஊர் திரும்பினார்கள். 'டிகிரி தேவையில்லை' என்ற வார்த்தை நம்மைப் போன்றவர்களைப் பிடிக்கத்தான் போடப்படுகிறது. ஏஜென்ட் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள்.

பட்டம் பின்னால் வரலாம்

முதல் வேலை கிடைத்த பிறகு பட்டத்தைப் பற்றி மறுபடி யோசியுங்கள். சென்னை ஐஐடி 2021 முதல் தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப் படிப்பு நடத்துகிறது. ஜேஇஇ வேண்டாம். பன்னிரண்டாவது தேறி, பத்தாவதில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் தகுதித் தேர்வு எழுதலாம். அடிப்படைச் சான்றிதழ், டிப்ளமோ என்று நடுவில் இறங்கவும் முடியும், குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. கணக்கில் பயம் இருந்தால் கஷ்டம், அதை மறைக்கவில்லை.

வெளிநாட்டுக்கு நேர்வழியில் போக நினைப்பவருக்கு இரண்டு தகவல். அமெரிக்காவின் எச்-1பி விசாவுக்குப் பட்டம் வேண்டும், அல்லது ஒரு வருடப் படிப்புக்கு மூன்று வருட அனுபவம் என்று கணக்கிட்டு ஈடு காட்ட வேண்டும். நான்கு வருடப் படிப்புக்கு 12 வருடம். ஜெர்மனி 2023 நவம்பர் முதல் கணினித் துறையினருக்குப் பட்டம் இல்லாமலும் நீல அட்டை தருகிறது. கடைசி 7 வருடத்தில் 3 வருடம் தகுந்த அனுபவம் வேண்டும், சம்பள வரம்பும் உண்டு. அதனால் ஆரம்பத்திலிருந்தே நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, விடுவிப்புக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வையுங்கள். பட்டம் இல்லாதவருக்கு அந்த ஃபைல்தான் பட்டம்.

நேர்காணலுக்குப் போகும் நாள்

லேப்டாப்பில் சார்ஜ், நிரல் இணையம் இல்லாமல் ஓடும்படி ஒரு பிரதி, பென் டிரைவில் இன்னொன்று. சான்றிதழ்களின் நகல் மட்டும். "ஏன் காலேஜ் போகலை?" என்று கேட்பார்கள். இரண்டு வாக்கியத்தில் உண்மையைச் சொல்லிவிட்டு, "நான் செஞ்சதைக் காட்டட்டுமா சார்?" என்று கேளுங்கள். வீட்டுக் கஷ்டத்தை நீட்டாதீர்கள்.

ரயிலை நம்பி நேரம் குறிக்காதீர்கள். 2023 ஜூன் 15 முதல் அகலப் பாதையில் போடிக்கு ரயில் வந்துவிட்டதுதான். ஆனால் இதை எழுதும் வரை மதுரை பாசஞ்சர் காலையில் அங்கிருந்து இங்கே வந்து, மாலையில்தான் திரும்புகிறது. காலை பத்து மணி நேர்காணலுக்கு விடியற்காலை பஸ்தான். தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியாக ஆரப்பாளையத்தில் இறக்கிவிடும். இலந்தைகுளம் போக வேண்டியவர்கள் அங்கிருந்து மாட்டுத்தாவணிக்கு இன்னொரு டவுன் பஸ் ஏற வேண்டும். அதற்கு முக்கால் மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.